டிஸ்சார்ஜ் புக்கும் திண்ணையும்: வீடிழந்த முன்னாள் படைவீரர்களுக்குச் செட்டிநாட்டில் கிடைக்கும் மனநல, மறுவாழ்வுச் சேவைகள் பற்றி ஒரு மதிப்பீடு

காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், குன்றக்குடி மலை அடிவாரம், ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் முகப்புத் திண்ணை. செட்டிநாட்டில் வீடில்லாதவர் இரவில் தலைசாய்க்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். அப்படிப் படுப்பவர்களில் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களும் உண்டு. ஏடிஎம் காவல், பங்களா காவல், மில் கேட் என்று ஊர் திரும்பிய பட்டாளத்துக்காரருக்குக் கிடைக்கும் வேலைகளில் பல, தங்குமிடத்தையும் சேர்த்துத் தருபவை. வேலை போகிற அன்றே கூரையும் போய்விடும். வாடகைச் சீட்டு இல்லை, முன்பணம் இல்லை, கேட்க நாதியும் இல்லை. இதற்கு மேல் மனநோயோ குடியோ சேர்ந்தால் மனிதர் தெருவுக்கு வர அதிக நாள் ஆகாது.

அவருக்கென்று இருக்கிற சேவைகள் ஒவ்வொன்றையும் இங்கே எடைபோட்டிருக்கிறோம். எங்கள் கருத்து இதுதான்: தனித்தனியாகப் பார்த்தால் பல கதவுகள் நன்றாகவே திறக்கின்றன. ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கு அவரைக் கூட்டிப்போக ஆளில்லை. எல்லாக் கதவும் தாள் கேட்கிறது, முகவரி கேட்கிறது. தெருவில் இருப்பவரிடம் இல்லாதவை இந்த இரண்டும்தான். ஆகவே முதலில் சிகிச்சை, பிறகு தாள் என்ற வரிசையை யார் எதற்காகவும் மாற்றக் கூடாது. தாள் வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்திவைப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பெரிய தவறு.

முதலில் அவர் யார் என்று தெரிய வேண்டும்

“பட்டாளம்” என்று ஊர் சொல்வதில் மூன்று நான்கு வகை உண்டு, வகைக்கு வகை உதவியும் மாறும். தரைப்படை, கடற்படை, விமானப்படையில் 15 ஆண்டு முடித்த சிப்பாய் ஓய்வூதியக்காரர். அவருக்கு ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் ஓய்வூதிய ஏற்பாடு வழியாகப் பென்ஷன், இசிஹெச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இரண்டும் உண்டு. 15 ஆண்டுக்கு முன்பே பென்ஷன் இல்லாமல் வெளியே வந்த சிப்பாய்க்குப் பொதுவாக இசிஹெச்எஸ் கிடைப்பதில்லை. சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், இந்தோ திபெத் எல்லைக் காவல் படை ஆகியவற்றில் இருந்தவர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவர்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அவர்களுக்கு வழி இல்லை, அவர்களுக்கென்று தனி மறுவாழ்வு வாரியம் இருக்கிறது. சிவகங்கை பக்கம் இலுப்பக்குடியில் எல்லைக் காவல் படையின் பயிற்சி மையம் இருப்பதால் இந்தக் குழப்பம் நம் வட்டாரத்தில் கூடுதல். தவறான அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்த பிறகுதான் விஷயம் தெரியவரும்.

நான்காவது வகைதான் மனதைக் கனக்க வைப்பது. பணியில் இருக்கும்போதே மனநோய் தொடங்கி, லீவில் வந்தவர் யூனிட்டுக்குத் திரும்பாமலே இருந்துவிடுவார். 30 நாளுக்கு மேல் வராதவர் மீது ராணுவச் சட்டம் 106-ஆம் பிரிவின்படி விசாரணை நடத்தி, ஓடிப்போனவர் என்று பதிந்துவிடலாம். பிறகு பணிநீக்கம். நோயால் நடந்தது ஒழுங்கீனமாக எழுதப்பட்டுவிடும், முன்னாள் படைவீரர் என்ற தகுதியே இல்லாமல் போகும். இவருக்கான வழி ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. அங்கே அந்தக் காலத்து மருத்துவச் சீட்டு ஒன்றாவது இருந்தால்தான் வழக்கு நிற்கும். வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில், மனநல மருத்துவர் எழுதிய பழைய சீட்டு கிடைத்தால் அதைப் பொன்னாகக் காக்க வேண்டும்.

ஆளைப் பார்த்துப் பேசும்போது பெயர், ஊர் கேட்டு ஆரம்பிப்பதைவிட, “ஐயா, எந்த ரெஜிமெண்ட்? உங்க நம்பர் என்ன?” என்று கேட்பது நல்லது. பிள்ளை பெயரைச் சொல்லத் தடுமாறுபவர்கூட சர்வீஸ் நம்பரைக் கடகடவென்று சொல்லிவிடுவது உண்டு. சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், முன்னால் வரும் எழுத்தையும் கடைசி எழுத்தையும் விடாமல். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் ஆவணங்கள் நீலகிரி வெலிங்டனில், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரில், பீரங்கிப் படை என்றால் நாசிக்கில், இஎம்இ என்ற மின், இயந்திரப் பொறியாளர் படை என்றால் செகந்திராபாத்தில் இருக்கும். நம்பரும் ரெஜிமெண்டும் இருந்தால், படையிலிருந்து வெளியே வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக் தொலைந்திருந்தாலும் நகல் கேட்கலாம். பின்னாலிருந்து தொட்டு எழுப்பக் கூடாது. நாலைந்து பேராகச் சூழ்ந்து நிற்கவும் கூடாது. ஒருவர் மட்டும், ஒரு கை எட்டும் தூரத்துக்கு அப்பால், அவர் கண்ணில் படும்படி உட்கார்ந்து பேச வேண்டும்.

காவல் நிலையம், 108, ஆஸ்பத்திரி

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெருவில் இருப்பவருக்கு ஒரு பலமான ஆயுதம். அதன் 100-ஆம் பிரிவு, மனநோயுடன் அலைந்து திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பதைக் காவல் நிலைய அதிகாரியின் கடமையாக்குகிறது. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். நிலையத்துக்குப் போகும்போது “100-ஆம் பிரிவு” என்ற சொல்லோடு, இடம், நேரம், நடத்தை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். “பைத்தியம் ஒன்று நிற்குது” என்றால் விரட்டிவிடச் சொல்லும் புகாராகவே அது கேட்கும். “இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, நடுரோட்டில் நிற்கிறார், தனக்குத்தானே பேசுகிறார், முன்னாள் ராணுவத்தினர்” என்றால் கடமை எழும். அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு, வீடற்றவருக்கு இலவச மனநலச் சிகிச்சை உண்டு என்கிறது. வறுமைக்கோட்டு அட்டை கையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. “ஆதார் இல்லாமல் அட்மிஷன் இல்லை” என்று யார் சொன்னாலும் இதைச் சொல்லலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. செட்டிநாடு என்பது ஒரே மாவட்டம் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை சிவகங்கையில் இருக்கின்றன. திருமயம், அதைச் சுற்றிய ஊர்கள் புதுக்கோட்டையில். காரைக்குடியில் எடுத்தவரைச் சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், திருமயம் பக்கம் எடுத்தவரைப் புதுக்கோட்டைக்கும் அனுப்புவார்கள். எல்லையில் நிற்பவரை “அது அவங்க ஸ்டேஷன்” என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். மருத்துவமனைக்கு மாவட்ட எல்லை தடை இல்லை, அருகில் இருப்பது எது என்பதே கணக்கு.

வார்டில் முதல் மூன்று நாள் மிக முக்கியம். திடீரென்று குழம்பிப் பேசுகிறவர் எல்லாரும் மனநோயாளர் இல்லை. தலையில் அடி, சர்க்கரை இறங்குவது, சோடியம் குறைவு, சிறுநீர்த் தொற்று எல்லாமே அப்படிக் காட்டும். குடிப்பழக்கம் உள்ளவரைப் பிடித்து வந்து மதுவை ஒரேயடியாக நிறுத்தினால், ஒரு நாளுக்குள் கை நடுங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாத பூச்சியைக் காற்றில் பிடிப்பார், வியர்க்கும், காய்ச்சல் வரும். இது உயிருக்கு ஆபத்து. அதனால் எப்போது கடைசியாகக் குடித்தார் என்பதை டாக்டரிடம் சொல்வது கூட வருபவரின் முதல் வேலை. குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும் என்பதை டாக்டர்கள் அறிவார்கள். ஆனால் குடித்த வரலாற்றைச் சொல்ல ஆளில்லாவிட்டால் அது விட்டுப்போகும். பட்டாளத்துக்காரர் என்பதால் காலையும் பாருங்கள். பழைய பூட்ஸ் புண், சர்க்கரைப் புண் என்று மருந்து போடாமல் கிடக்கும்.

அவர் சேர மறுத்தால், முடிவெடுக்கும் நிலையிலும் இல்லையென்றால், 89-ஆம் பிரிவின்படி ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரும் தனித்தனியே பரிசோதித்து 30 நாள் வரை சேர்க்கலாம். அதற்கு நியமனப் பிரதிநிதி, அதாவது அவர் சார்பில் நிற்பவர் ஒருவர், கையெழுத்துப் போட வேண்டும். சொந்தம் யாரும் இல்லாதவருக்கு யார் கையெழுத்திடுவது என்றுதான் நாள்கள் ஓடிவிடுகின்றன. 14-ஆம் பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. மனநோயாளருக்காக வேலை செய்யும் பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி தற்காலிகமாக அந்த இடத்தில் இருக்கலாம், பிறகு மனநல வாரியம் முறைப்படி ஒருவரை நியமிக்கும். இந்தப் பிரிவை அச்செடுத்து கையில் வைத்திருப்பது தன்னார்வலர்களுக்கு எங்கள் முதல் ஆலோசனை.

தெருவில் இருந்து மீட்கப்பட்டவர்களுக்கென்றே தமிழ்நாடு அரசு தொடங்கிய அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களில் ஒன்று புதுக்கோட்டையில் இருக்கிறது. செட்டிநாட்டுக்குக் கிடைத்த நல்ல சேவைகளில் இதை முதலில் வைக்கிறோம். குளிப்பாட்டி, முடிவெட்டி, மருந்து தொடங்கி, பேச்சு தெளிந்ததும் குடும்பத்தைத் தேடுவது என்று எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும் முறை இது. தைப்பூசக் காலத்தில் பழனிப் பாதயாத்திரைக் கூட்டத்தோடு வந்து குன்றக்குடியிலேயே தங்கிவிடுபவர்களுக்கும் இதுவே சரியான இடம். படுக்கை கிடைக்குமா என்று முன்பே போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

14416 பற்றி

14416 என்ற எண்ணில் கிடைக்கும் டெலிமானஸ் என்ற இலவச மனநலத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். முப்படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் தனிப் பிரிவு ஒன்றைப் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பர் 1 அன்று தொடங்கினார்கள். தூக்கமில்லை, கெட்ட கனவு, கோபம், சாகத் தோன்றுகிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கு இது மிக நல்ல சேவை. குடும்பத்தோடு இருக்கும்போதே இதைப் பயன்படுத்தினால் பலர் திண்ணைக்கு வரவே மாட்டார்கள். தெருவில் ஏற்கெனவே இருப்பவருக்கு இதன் பலன் குறைவு. போன் இருக்காது, இருந்தாலும் சார்ஜ் இருக்காது. அவருக்காக நீங்கள் அழைத்து, எந்த மருத்துவமனையில் எந்த நாள் மனநல மருத்துவர் இருப்பார் என்று கேட்டுக்கொள்ளலாம்.

நல அலுவலகம், ஸ்பர்ஷ், பாலிகிளினிக்

சிவகங்கை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்தான் தாள் வேலைக்கெல்லாம் நடு அச்சு. காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மனநிலை தேறாதவரை வெயிலில் கூட்டிப்போய் வரிசையில் நிறுத்தாதீர்கள், முதலில் நீங்கள் மட்டும் நகல்களோடு போய்ப் பேசுங்கள். பென்ஷன் இல்லாத, 65 வயது கடந்த, ஹவில்தார் அல்லது அதற்குக் கீழ் பதவியில் இருந்தவருக்கு மத்திய சைனிக் வாரியம் என்ற படைவீரர் நல வாரியத்தின் வறுமை உதவித்தொகை உண்டு. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாய் ஆகியிருக்கிறது. விண்ணப்பம் ஆன்லைனில், பரிந்துரை மாவட்ட அலுவலகத்தில். இந்தத் தொகை ஒரு சின்ன ஓட்டு வீட்டுக்கு வாடகையும் சாப்பாடும் தாங்கும், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம். ஆனால் மனநோயோடு 50 வயதில் தெருவில் இருப்பவருக்கு இது எட்டாது. வயது வரம்பை மனநோய் உள்ளவர்களுக்காவது தளர்த்த வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

டிஸ்சார்ஜ் புக் தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் தொலைந்த புகார், நோட்டரி பிரமாணப் பத்திரம், கிடைத்த மற்ற அடையாளங்கள் எல்லாம் சேர்த்து நல அலுவலகம் வழியாக அவர் ரெஜிமெண்டின் ரெக்கார்டு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். புக் கையில் இருந்தால் மருத்துவ வகையைப் பாருங்கள். ‘ஷேப்’ என்ற ஐந்தெழுத்து முறையில் முதல் எழுத்து மனநிலையைக் குறிப்பது. அந்த இடத்தில் 1 தவிர வேறு எண் இருந்தால், பணியிலேயே மனநலக் குறை பதிவாகியிருக்கிறது என்று பொருள். ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்க அது வலுவான சான்று. தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது இங்கே உதவும்: சேரும்போது எந்தக் குறையும் எழுதப்படாதவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், பிறகு வந்த நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசினுடையது. இதற்கு வக்கீல் வைக்கப் பணம் தேவையில்லை. தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலை 26 அன்று தொடங்கிய வீர் பரிவார் சகாயதா திட்டத்தில் சைனிக் வாரிய அலுவலகங்களிலேயே இலவசச் சட்ட உதவி மையம் அமைக்க வழிசெய்திருக்கிறார்கள்.

ஸ்பர்ஷ் நன்றாக ஓடும்போது நல்ல ஏற்பாடு, நின்றால் ஏன் நின்றது என்று வயதானவருக்குத் தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். தெருவுக்கு வந்தவர்களில் சிலருக்குப் பென்ஷன் நின்று கிடப்பதற்கு இதுவே காரணம். “எனக்குப் பென்ஷன் இல்லை” என்று அவர் சொன்னாலும் நம்பி விட்டுவிடாதீர்கள், சர்வீஸ் நம்பரை வைத்துச் சரிபாருங்கள். சான்று கொடுத்ததும் நிலுவையோடு வந்துவிடும். கைரேகை தேய்ந்தவருக்கு போனில் முகத்தைக் காட்டிக் கொடுக்கும் முறை இருக்கிறது, பொதுச் சேவை மையத்திலும் செய்யலாம். நிலுவை மொத்தமாக விழும் நாள் ஆபத்தான நாள். ஏடிஎம் அட்டை யார் கையில் இருக்கிறது என்பதை அதற்கு முன்பே பார்த்து, பின் எண்ணை மாற்றிவிடுங்கள்.

இசிஹெச்எஸ் நடத்தும் பாலிகிளினிக் சேவையைப் பாராட்டத்தான் வேண்டும். மாத்திரை, மேல்சிகிச்சைப் பரிந்துரை எல்லாம் கிடைக்கும். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு ஓய்வு பெற்ற பென்ஷனருக்கு இசிஹெச்எஸ் உறுப்பினராவது கட்டாயம். அதனால் கார்டு தொலைந்தாலும் தகுதி தொலைந்திருக்காது. அதற்கு முன் வந்தவர் விருப்பப்பட்டுச் சேர்ந்தாரா என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் பட்டியலில் இல்லாத தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பில் உங்கள் தலையில்.

மருந்து எங்கே நின்றுபோகிறது

மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, தெருவில் அதை எங்கே வைப்பது? மழையில் நனையும், பை களவு போகும், காலை மாத்திரையா இரவு மாத்திரையா என்று மறந்துபோகும். ஆகவே டாக்டரிடம் நீண்ட நாள் ஊசி போட முடியுமா என்று கேளுங்கள். ஃப்ளூஃபெனசின் டெகனோயேட் போன்றவை 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போதும். லித்தியம் என்ற மனநல மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கிடந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். கை உதறல், தள்ளாட்டம், பேதி, குழறல் கண்டால் அன்றே ரத்தப் பரிசோதனை. முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுவது பழைய சிப்பாய்களின் வழக்கம். லித்தியத்தோடு அது சேரக் கூடாது.

மனநோயாளரைக் குணசீலம் கோயிலில் 48 நாள் வைப்பதும், ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போவதும் இந்த வட்டாரக் குடும்பங்களில் நெடுநாளாக இருப்பவை. நம்பிக்கையை யாரும் பறிக்க வேண்டாம். மாத்திரையை மட்டும் கூடவே கொடுத்தனுப்புங்கள், சங்கிலி இருக்கிற இடத்தில் ஒரு இரவுகூட விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள்.

தங்குமிடம்: எல்லாவற்றிலும் பலவீனமான கண்ணி

வார்டில் தேறியவரை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்குச் செட்டிநாட்டில் நல்ல பதில் இன்னும் இல்லை. நகர்ப்புற வீடற்றோர் இல்லங்கள் இரவு படுக்கைக்கு உதவும். மனநோய் மருந்தில் இருப்பவரை மாதக்கணக்கில் பார்த்துக்கொள்ள அங்கே ஆளும் பயிற்சியும் போதாது. முதியோர் இல்லங்கள் மனநோய்ச் சீட்டைப் பார்த்ததும் தயங்குகின்றன.

“இவ்வளவு பெரிய வீடுகள் சும்மாதானே கிடக்கின்றன” என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல மனதோடு கேட்பதுதான். ஆனால் ஒரு வீட்டில் பல புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பங்கு இருக்கும். ஒரு பங்காளி சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போக, இன்னொருவர் மறுத்தால் ஒரே நாளில் வெளியே வர வேண்டியதுதான். தேறிவரும் மனதுக்கு அந்தத் தாக்கம் பெரிது. வளவும் பெட்டகசாலையும் தாண்டி வீட்டின் கடைசிப் பகுதியில் தனியாக ஒருவரைப் படுக்க வைப்பதும் சரியில்லை. இரவில் பயந்தால் கூப்பிட ஆளிருக்காது. கடைவீதிக்கு அருகில் ஒரு சாதாரண ஓட்டு வீடு, அதில் மூன்று நான்கு பேர், சமைக்கவும் மருந்து பார்க்கவும் ஒருவர். மனநோயாளருக்காக வேலை செய்யும் தி பேனியன் அமைப்பு ‘ஹோம் அகெய்ன்’ என்று நடத்தும் முறை இதைப் போன்றதுதான், அது நம் ஊருக்கு நன்றாகப் பொருந்தும். ஊரில் முன்னாள் படைவீரர் சங்கங்கள் இருக்கின்றன, நகரத்தார் அறக்கட்டளைகள் இருக்கின்றன, கோயில் அன்னதானம் இருக்கிறது. பணமோ சோறோ இங்கே குறையில்லை. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஒரு அமைப்பு முன்வரவில்லை என்பதே குறை.

காவல் வேலைக்குத் திருப்பி அனுப்புவதிலும் அவசரம் வேண்டாம். இரவுக் காவல் தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் நோய் திரும்பும். பகல் ஷிப்டு, துணைக்கு இன்னொரு ஆள், தங்குமிடம் வேலையோடு ஒட்டாமல் தனியாக. இந்த மூன்றையும் சொல்லி ஒப்புக்கொள்ளும் முதலாளியிடம் மட்டும் விடுங்கள்.

வார்டிலிருந்து வெளியே வரும் நாளில் பிளாஸ்டிக் உறை ஒன்றில் இவை இருக்க வேண்டும்: மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, அடுத்த ஊசித் தேதி, ஒரு மாத மருந்து, சர்வீஸ் நம்பர் எழுதிய தாள், ஆதார் நகல், பென்ஷன் ஆணை எண் தெரிந்தால் அதுவும், தனித்துவ ஊன அடையாள அட்டைக்கு விண்ணப்பித்த ரசீது. ஆதார் எண்ணே தெரியாவிட்டால் ஆதார் மையத்தில் புதிதாகப் பதியச் சொல்லுங்கள். பழைய பதிவு இருந்தால் புதியது தள்ளுபடியாகும், அதை வைத்தே பழைய எண்ணையும் அதன் வழியாக ஊரையும் கண்டுபிடிக்கலாம். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அவர் தினமும் டீ குடிக்கும் கடையில் கொடுத்துவையுங்கள். பை தொலைந்தாலும் அவர் அந்தக் கடைக்கு வருவார்.